தலையும் சுற்றுகிறது, எடையும் ஏறுகிறது: என்ன செய்யலாம்?

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். வயது 47, உயரம் 158 செ.மீ., எடை 82 கிலோ. இரண்டு வருடமாகத் தலைசுற்றல். அறை சுற்றுவதில்லையாம். கால் தரையில் பாவாத மாதிரி ஒரு மிதப்பு, லேசான தள்ளாட்டம், நாள் முழுக்க இருக்கிறது, சாயங்காலம் கூடுகிறது. எம்.ஆர்.ஐ. சரி, காது சரி, இதயமும் சரி. கழுத்து எக்ஸ்ரேயில் மட்டும் "தேய்மானம்" என்று எழுதியிருக்கிறார்கள். தலைசுற்றலுக்கு முதலில் சின்னரிசின் மாத்திரை, ஒரு வருடமாக ஃப்ளூனரிசின். ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை வெகுநாளாக ஓடுகிறது. இந்த இரண்டு வருடத்தில் 9 கிலோ ஏறிவிட்டது. போகிற இடமெல்லாம் "எடையைக் குறைங்க, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். இரவுச் சாப்பாட்டை நிறுத்திப் பார்த்தார். மூன்றாம் நாள் குளியலறையில் கண் இருட்டிக்கொண்டு வந்து விழப் பார்த்தார். காலையில் நடக்கப் போனார். தலை கிறுகிறுத்து, அன்று முழுக்கப் படுக்கை. "நடந்தாலும் சுத்துது, பட்டினி கிடந்தாலும் சுத்துது. நான் எப்படித்தான் குறைக்கிறது?" என்பது அவர் கேள்வி.

நான் பொது மருத்துவன். காரைக்குடி வட்டாரத்தில் இதே கேள்வியை வெவ்வேறு வாயால் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். பார்க்காமல் யாருக்கும் மருந்து எழுத முடியாது என்பதால் மாத்திரை விஷயத்தில் பொதுவாகத்தான் சொல்வேன். மற்றதை விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். நடையை எடை குறைப்பதற்காகச் செய்யாதீர்கள். நடை தலைக்கு. எடை அடுப்படியில்தான் குறையும். இந்த இரண்டு வேலையையும் ஒன்றாகக் கட்டியதால்தான் இரண்டும் கெட்டது. எடை குறையவேண்டும் என்று வேர்க்க விறுவிறுக்க முக்கால் மணி நேரம் நடந்தால் தலை தாங்காது. தலை தாங்கவில்லை என்று நடையை விட்டுவிட்டுச் சாப்பாட்டை அறவே நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கி மறுபடியும் தலைதான் சுற்றும். கணக்குப் பார்த்தாலும் இது சரியாகத்தான் வரும். 80 கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் சாதாரண வேகத்தில் நடந்தால் செலவாவது சுமார் 120 கலோரி. அது ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், அவ்வளவுதான். அந்த ஒரு கரண்டிக்காக ஒரு நாள் படுக்கையில் கிடப்பானேன்?

சரி, அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. "காரணம் தெரியவில்லை" என்பது உண்மையிலேயே தேடியும் கிடைக்காததா, அல்லது பெரிய பரிசோதனையெல்லாம் எடுத்துவிட்டுச் சின்னதை விட்டுவிட்டதா என்று பாருங்கள். ஆயிரக்கணக்கில் செலவு செய்து எம்.ஆர்.ஐ. எடுத்தவருக்கு, படுக்கவைத்து ஒருமுறை, நிற்கவைத்து ஒருமுறை ரத்த அழுத்தம் பார்த்திருக்கமாட்டார்கள். காசே செலவாகாத சோதனை அது. ஐந்து நிமிடம் படுத்திருந்து ஒருமுறை, எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்றாவது நிமிடத்தில் ஒருமுறை அளக்கவேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், நிற்கும்போது அழுத்தம் விழுகிறது என்று அர்த்தம். அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர், குறைவாகத் தண்ணீர் குடிக்கிறவர், பட்டினி கிடக்கிறவர் என்று மூன்றும் சேர்ந்தால் இது நடக்கும். குளியலறையில் கண் இருட்டியதற்கு எனக்கு முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

அடுத்தது ரத்தம். ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, தைராய்டு. 47 வயதில் மாதவிலக்கு நிற்கப்போகும் காலத்தில் உதிரப்போக்கு அதிகமாவது நம் பெண்களுக்குச் சகஜம், வெளியே சொல்வதில்லை. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகைதான். 9-ல் இருந்துகொண்டு எடையைக் குறைக்கக் கிளம்பினால் படி ஏறவே மூச்சு வாங்கும். மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகளுக்கும் சுத்த சைவக்காரர்களுக்கும் பி12 கட்டாயம் பார்க்கவேண்டும்.

படுக்கையில் புரண்டாலோ, பரணில் இருப்பதை அண்ணாந்து எடுத்தாலோ சில நொடிகள் அறையே சுற்றி நின்றுவிடுகிறதா? அது வேறு கதை. உள்காதில் இருக்கும் சுண்ணத் துகள்கள் இடம் மாறிப்போவதால் வருவது. தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிப் படுக்கவைக்கும் எப்லி முறையில் பலருக்கும் ஓரிரு அமர்விலேயே சரியாகிவிடும். இதற்கு மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு வலி இல்லாமல்கூடத் தலைசுற்றலாகவே வருவதுண்டு. நிமிடங்களிலிருந்து மூன்று நாள்வரை நீடிக்கும், வெளிச்சமும் சத்தமும் பிடிக்காது. அவர்கள் பட்டினி கிடக்கவே கூடாது.

கழுத்துத் தேய்மானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாற்பத்தைந்து தாண்டியவர்களில் பலருக்கு எக்ஸ்ரே எடுத்தால் தேய்மானம் தெரியும், தலைசுற்றாதவருக்கும் தெரியும். அதைக் காரணமாகச் சொல்லிக் கழுத்துப்பட்டை மாட்டிவிடுகிறார்கள். பட்டை மாட்டினால் தலை அசையாது. தலை அசையாவிட்டால் மூளை சமநிலையைத் திரும்பப் பழகாது. உங்களிடம் பட்டை இருந்தால், கையில் மரத்துப்போதலோ பலவீனமோ இல்லாதபட்சத்தில், அதைக் கழற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள், அதாவது சுற்றாமல் மிதப்பது, மாதக்கணக்கில் பெரும்பாலான நாட்கள் இருப்பது, நின்றால் நடந்தால் கூடுவது, படுத்தால் குறைவது ஆகியவற்றை வைத்து நான் யோசிப்பது பி.பி.பி.டி. என்கிற, விடாமல் நீடிக்கும் தலைசுற்றல் நிலையை. த்ரீ-பி-டி என்றும் சொல்வோம். காது சம்பந்தமான ஆராய்ச்சிக்காக 1914-ஆம் வருட நோபல் பரிசு பெற்ற ராபர்ட் பாரனியின் பெயரில் இயங்கும் சங்கம், 2017-ல்தான் இதற்கான வரையறையை வெளியிட்டது. அதனால் பல மருத்துவர்களுக்கே இது புதிது. நடப்பது இதுதான்: ஒரு காய்ச்சலோ, காதில் வந்த சுற்றலோ, ஒரு மயக்கமோ, பெரிய அதிர்ச்சியோ முதலில் வருகிறது. மூளை உஷாராகி, விழாமல் இருக்கக் கண்ணை அதிகமாக நம்ப ஆரம்பிக்கிறது, உடம்பை விறைப்பாகப் பிடித்துக்கொள்கிறது. மூலகாரணம் ஆறிப்போன பிறகும் அந்த உஷார் நிலை இறங்குவதில்லை. உறுப்பில் கோளாறு இல்லை, இயங்கும் விதத்தில்தான் கோளாறு. எம்.ஆர்.ஐ. படத்தில் அது விழாது. "மனப்பிரமை" என்று வீட்டில் யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

இது இருக்கிறதா என்று பார்க்க நம் செட்டிநாட்டு வீடுகளிலேயே வசதி இருக்கிறது, ஆத்தங்குடிக் கல் என்கிற பூவேலைத் தரை ஓடு. பட்டாலையில், அதாவது வீட்டுக் கூடத்தில், கால் வைத்தால் பூவும் சதுரமும் வட்டமுமாக ஒரே வடிவம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடும். முற்றத்து வெயில் பட்டால் கல் பளபளக்கும், தூண் நிழல் குறுக்கே விழும். நல்ல தலைக்காரருக்கு அழகு. கண்ணையே பிடித்துக்கொண்டு நடக்கிறவருக்குத் தரையே நகரும். சிமெண்டுத் தரை உள்ள பின்கட்டில் சரியாக இருந்து, பட்டாலையில் கால் வைத்ததும் தடுமாறினால் அது பெரிய துப்பு. மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைக்குள் நுழைந்ததும் தலை கனக்கிறது, சந்தைக் கூட்டத்தில் நிற்க முடியவில்லை, கைப்பேசியில் வேகமாகப் படம் ஓடினால் குமட்டுகிறது என்பதெல்லாம் அதே குடும்பம்தான்.

இதற்குச் சிகிச்சை உண்டு. சமநிலைப் பயிற்சி, சில வேளை செரோட்டோனின் மருந்துகள் குறைந்த அளவில், பயத்தைக் கையாளப் பேச்சுச் சிகிச்சை. சமநிலைப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட் மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் கிடைப்பார். சில அமர்வு போய்க் கற்றுக்கொண்டு வந்தால் வீட்டிலேயே தொடரலாம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக்கூடாது. திடீரென்று பேச்சு குழறினால், முகம் கோணினால், ஒரு பக்கம் கை கால் வலுவிழந்தால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால், பிடிக்காமல் நிற்கவே முடியாமல் போனால், இதுவரை வராத கடும் தலைவலியோ நெஞ்சுவலியோ வந்தால், ஒரு காது சட்டென்று கேட்காமல் போனால், இந்தப் பதிலையெல்லாம் மறந்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

இனி எடைக்கு வருவோம். 158 செ.மீ. உயரத்துக்கு 82 கிலோ என்றால், உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. கிட்டத்தட்ட 33. இந்தியர்களுக்கு 25-ஐத் தாண்டினாலே உடல்பருமன் என்று கணக்கு வைத்திருக்கிறோம், ஆக குறைக்கவேண்டியதுதான். ஆனால் "குறைத்தால் தலைசுற்றல் போய்விடும்" என்று யாரும் உறுதி தரமுடியாது. அழுத்தம், சர்க்கரை, மூட்டு, குறட்டையோடு மூச்சுத் தடைபடும் தூக்கக் கோளாறு ஆகியவை குறையும். இவற்றில் ஏதாவது தலைசுற்றலுக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தால் அந்தப் பங்கு குறையும். அவ்வளவுதான் வாக்குறுதி. இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஐந்து கிலோ குறைந்தும் தலை சுற்றுகிறதே என்று மனம் வெறுத்து, பழையபடி பலகாரத் தூக்கைத் திறந்துவிடுவீர்கள்.

ஏறிய 9 கிலோ எங்கிருந்து வந்தது? சாப்பாட்டின்மேல் மட்டும் பழியைப் போடாதீர்கள். ஃப்ளூனரிசினுக்கு எடை கூட்டும் குணம் உண்டு, அசதியும் தூக்கமும் தரும். சிலருக்கு மனச்சோர்வும், வயதானவர்களுக்குக் கை நடுக்கமும் வரும். ஒற்றைத் தலைவலிக்கு நல்ல மருந்துதான். ஆனால் எழுதிக்கொடுத்தவரைத் திரும்பப் பார்க்காமல் மருந்துக்கடையில் அதே சீட்டை நீட்டி ஒரு வருடம் வாங்கிச் சாப்பிடுகிற மருந்து இல்லை. சின்னரிசின், ப்ரோகுளோர்பெரசின் வகையறா கடுமையாகச் சுற்றும் ஓரிரு நாளுக்கு உதவும். மாதக்கணக்கில் போட்டால் மூளை தானாகச் சரிசெய்துகொள்வதை மந்தமாக்கும். ஒற்றைத் தலைவலிக்கும் மனச்சோர்வுக்கும் எழுதும் அமிட்ரிப்டிலினும் பசியைக் கிளப்பும். "இந்த மாத்திரை இன்னும் எனக்கு வேண்டுமா, எடை கூட்டாத மாற்று இருக்கிறதா?" என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள், அதில் தப்பே இல்லை. நீங்களாக நிறுத்தமட்டும் வேண்டாம்.

இன்னொரு வாசல் வழியாகவும் எடை வந்திருக்கும். தலை சுற்றுகிறது என்று சொன்னதும் வீட்டில் என்ன செய்கிறார்கள்? "லோ சுகரா இருக்கும், இதை வாயில போடு" என்று ஒரு மிட்டாய், ஒரு டம்ளர் பால் பவுடர் பானம், குளுக்கோஸ் தண்ணீர். "பித்தம் ஏறிடுச்சு" என்று இன்னொருவர் எலுமிச்சம்பழ சர்பத் போடுவார். ஒரு நாளைக்கு மூன்று தரம் இப்படி நடந்தால் ஒரு வேளைச் சாப்பாட்டுக் கலோரி உள்ளே போய்விடும். சர்க்கரை நோய் மருந்து எடுக்காதவருக்குச் சர்க்கரை தாழ்வது அபூர்வம். வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால், சுற்றும்போது ஒருமுறை குத்திப் பாருங்கள். 70-க்கு மேல் இருந்தால் இனிப்பு தேவையே இல்லை. உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், எதிரே அசையாத ஒரு பொருளைப் பாருங்கள். கிளிமிபிரைடு, இன்சுலின் எடுக்கிறவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அவர்களுக்கு நிஜமாகவே தாழும். சாப்பாட்டைக் குறைக்கும் முன்பே மருந்தளவை மாற்றிக்கொள்ளவேண்டும்.

அடுப்படியில் முதலில் கை வைக்கவேண்டியது எண்ணெயில். செட்டிநாட்டுச் சமையல் என்றாலே மேலே எண்ணெய் மிதக்கவேண்டும் என்று ஆக்கிவைத்தது ஓட்டல்கள்தான். நம் ஆச்சிமார் வீட்டுச் சமையலில் தண்ணிக்குழம்பு உண்டு, அரிசி களைந்த தண்ணீரில் வைக்கும் மண்டி உண்டு, கத்திரிக்காயை அவித்துப் பிசைந்த கோசுமல்லி உண்டு, ரசம் உண்டு. இதெல்லாம் எண்ணெய் குறைவாகவே கேட்கும் பண்டங்கள். நான் சொல்வது ஒன்றே ஒன்று: காலையில் அன்றைய எண்ணெயை அளந்து ஒரு கிண்ணத்தில் ஊற்றி அடுப்புப் பக்கத்தில் வையுங்கள். ஆளுக்கு நான்கு தேக்கரண்டி, 20 மில்லி. நாலு பேருக்கு 80 மில்லி. அது தீர்ந்தால் அன்றைக்குத் தாளிதம் கிடையாது. பாட்டிலிலிருந்து நேரே சட்டியில் ஊற்றும் கை எவ்வளவு தாராளமானது என்பது மூன்றே நாளில் தெரிந்துவிடும். நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் ஐந்து லிட்டர் ஓடினால் ஆளுக்கு நாளைக்கு 40 மில்லிக்கு மேல் போகிறது. அதைப் பாதியாக்கினால் நாளைக்கு 180 கலோரி மிச்சம். மாதத்துக்கு அது சுமார் 700 கிராம் கொழுப்புக்குச் சமம். பட்டினி இல்லை, தலைசுற்றல் இல்லை, இலையில் எதுவும் குறைந்த மாதிரியும் இல்லை.

அடுத்தது இடைப்பலகாரம். நாலு மணிக்குக் காபியோடு தேன்குழலும் சீப்புச் சீடையும் தட்டில் வருவது நம் வீட்டு வழக்கம், வந்தவருக்கு வைக்காமலும் இருக்கமுடியாது. எழுந்து போய் எடுத்து வரும் தொலைவில் தூக்கை வையுங்கள். அந்த நேரத்துப் பசிக்கு அவித்த பயறு, சுண்டல், மோர். கவுனி அரிசியைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். கறுப்பரிசி நல்ல அரிசிதான், தவிடு போகாதது. சர்க்கரையும் நெய்யும் தேங்காயும் போட்டுக் கிண்டிவிட்டு "டயட்" என்று சொல்லாதவரைக்கும் எனக்கு ஆட்சேபமில்லை. கும்மாயத்துக்கும் இதே பதில்தான். உளுந்து பெண்களுக்கு நல்லது என்பது சரி, அதில் போகிற கருப்பட்டிக்கும் நெய்க்கும் கணக்கு இருக்கிறதே.

வேளை தவறாமல் சாப்பிடுங்கள். உங்கள் தலைக்கு இது முக்கியம். மூன்று வேளை, மூன்றிலும் புரதம். காலையில் நாலு இட்லிக்குப் பதில் இரண்டு இட்லி, நிறைய சாம்பார், ஒரு அவித்த முட்டை. முட்டை ஆகாதவர்களுக்குப் பாசிப்பருப்போ கொண்டைக்கடலையோ. மதியம் சோற்றை அடியோடு விடவேண்டாம். வழக்கமாகப் போடுவதில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காய். மீன் குழம்பில் மீன் கூட, குழம்பு குறைய. இரவு ஏழரை எட்டுக்குள் இரண்டு இடியாப்பமோ தோசையோ, கூடவே பருப்போ கூட்டோ. மாதத்துக்கு ஒன்றரை இரண்டு கிலோ குறைந்தால் போதும், அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். முதல் இலக்கு நாலு கிலோ, உங்கள் எடையில் அது ஐந்து சதவீதம். அந்த அளவுக்கே அழுத்தமும் சர்க்கரையும் அசைந்துகொடுக்கும்.

சித்திரை வெயிலில் சிவகங்கைச் சீமையில் வேர்வையாகப் போகிற தண்ணீருக்கு ஈடாகக் குடிக்கவேண்டும். இதயம், சிறுநீரகக் கோளாறு இல்லாவிட்டால் நாளைக்கு இரண்டரை லிட்டர். உப்பு விஷயம் ஆளைப் பொறுத்தது. நின்றால் அழுத்தம் விழுகிறவருக்கு நாங்களே கொஞ்சம் கூட்டச் சொல்வதுண்டு. காதடைப்பும் இரைச்சலும் சுற்றலுமாக வரும் மெனியர் நோய்க்காரருக்கும், அழுத்தம் அதிகமுள்ளவருக்கும் குறைக்கச் சொல்வோம். "லோ பிபி" என்று நீங்களே முடிவுகட்டி ஊறுகாயும் உப்புக்கண்டமுமாகச் சாப்பிட வேண்டாம்.

பதினாறு மணி நேரப் பட்டினி, மாவுச்சத்தே இல்லாத உணவுமுறை இவற்றைப் பற்றி நிறையப் பேர் பேசுகிறார்கள். மற்றவர்களுக்கு எப்படியோ, உங்களுக்கு இப்போது வேண்டாம். முதல் வாரத்தில் மளமளவென்று குறைவதில் பெரும்பகுதி தண்ணீரும் உப்பும்தான். அழுத்த மாத்திரையோடு அதுவும் சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது சாய்த்துவிடும். சஷ்டி, கிருத்திகை விரதம் இருப்பவர்கள் பாலும் பழமுமாக வேளைக்கு எடுத்துக்கொண்டு இருக்கலாம், முருகன் கோபித்துக்கொள்ளமாட்டார். விருந்துக்கும் ஓர் எச்சரிக்கை. கல்யாணம், சாந்தி, படைப்பு என்று போய் இலை நிறையச் சாப்பிட்டதும் ரத்தம் வயிற்றுப் பக்கம் திரும்பும். வயதானவர்களுக்கு அடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் அழுத்தம் இறங்கும். பந்தியிலிருந்து சட்டென்று எழாமல், சற்று உட்கார்ந்திருந்து எழுந்திருங்கள்.

இப்போது நடை. இது மருந்து என்பதால் அளவோடு ஆரம்பிக்கவேண்டும். ஒரு நாளைக்கு மூன்று தடவை, தடவைக்கு ஐந்து நிமிடம். கிளம்பும் முன் தலைசுற்றலுக்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண் போடுங்கள், திரும்பி வந்ததும் போடுங்கள். ஒன்றிரண்டு கூடினால் கவலையே இல்லை, கூடத்தான் வேண்டும். அந்தச் சின்னத் தொந்தரவுதான் மூளைக்குப் பாடம். இருபது நிமிடத்துக்குள் பழையபடி இறங்கிவிட்டால் அளவு சரி. ஒரு மணி நேரம் ஆகியும் இறங்காவிட்டால் மறுநாள் பாதியாக்குங்கள், நிறுத்தாதீர்கள். மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை ஒரு நிமிடம் கூட்டிக்கொண்டு போனால் இரண்டு மூன்று மாதத்தில் அரை மணி நேரம் நடப்பீர்கள். நீங்கள் அன்றைக்குச் செய்தது முதல் நாளே முழு நடை. அதனால்தான் படுத்தீர்கள்.

நடக்க இடத்துக்கு நமக்குப் பஞ்சமில்லை. செட்டிநாட்டு ஊர்களின் தெருக்கள் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக வீடுகள் இருப்பதால், குறுக்குத் தெருவில் பக்கச்சுவர் நீளத்துக்கு ஓடும். ஆரம்பத்தில் அந்தச் சுவரோரமாக, தேவைப்பட்டால் விரல் நுனி படும்படி நடக்கலாம். கை நிறையப் பிடிக்கவேண்டாம், விரல் பட்டாலே போதும். தரையைப் பார்த்து நடக்காமல் தெருக்கோடியைப் பாருங்கள். நன்றாகப் பழகிய பிறகு, நடந்துகொண்டே தலையை மெதுவாக இடம் வலம் திருப்பலாம். அதற்கும் பிறகு பட்டாலைக் கல்மேல் நடை, கடைசியாகச் சந்தைக் கூட்டம். வழுக்கும் என்று கல்மேல் பாய் விரித்துவிடாதீர்கள், பாய் தடுக்கித்தான் விழுவார்கள். உயரமான நிலைப்படிகளும் முற்றத்துக்கு இறங்கும் படியும் உள்ள வீடு என்றால் இரவில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

வீட்டுக்குள் செய்ய ஒன்று. கட்டை விரலைக் கை நீட்டிய தூரத்தில் வைத்து, நகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் இடமும் வலமும் ஆட்டுங்கள். நகம் மங்காத வேகம்தான் உங்கள் வேகம். முதலில் உட்கார்ந்து அரை நிமிடம், பிறகு ஒரு நிமிடம், அப்புறம் நின்றுகொண்டு. 1940-களில் இங்கிலாந்தில் காதோர்ன், குக்சி என்ற இரண்டு மருத்துவர்கள் தலையில் அடிபட்ட போர்வீரர்களுக்காக அமைத்த பயிற்சிகளின் வழிவந்தது இது. இதோடு கைப்பிடியில்லாத நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, பத்து தடவை. தொடைத் தசை வலுத்தால் தள்ளாட்டமும் குறையும், எடை குறையும்போது தசை கரையாமலும் இருக்கும். கபாலபாதி மாதிரி வேகமாக மூச்சு விடும் பயிற்சி, தலைகீழாக நிற்பது, துள்ளிக் குதிக்கும் நடனப் பயிற்சி இவையெல்லாம் பிறகு பார்க்கலாம். நீச்சல் நல்லது என்று யாராவது சொன்னால் ஊருணியிலோ கண்மாயிலோ தனியாக இறங்கிவிடாதீர்கள். தண்ணீருக்குள் தலை சுற்றினால் மேலெது கீழெது என்றே தெரியாமல் போகும். இருசக்கர வண்டியும் சுற்றல் அதிகமுள்ள நாளில் வேண்டாம்.

எடை இறங்க ஆரம்பித்ததும் மறந்துவிடுகிற ஒன்று, அழுத்த மாத்திரை. 82 கிலோவுக்கு எழுதிய அளவு 76-ல் அதிகமாகலாம். குறைத்த பிறகு புதிதாகக் கண் இருட்டினால் பலரும் "டயட் ஒத்துக்கலை" என்று நினைத்து மறுபடி சாப்பிட ஆரம்பிக்கிறார்கள். மாற்றவேண்டியது மாத்திரையின் அளவாக இருக்கும். மூன்று கிலோ குறைந்ததும் ஒருமுறை நின்றநிலை அழுத்தம் பார்த்துவிடுங்கள்.

எடை குறைக்கும் ஊசியைப் பற்றியும் இப்போது எல்லோரும் விசாரிக்கிறார்கள். மவுஞ்சாரோ, வெகோவி இரண்டும் 2025-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. வேலை செய்கின்றன. ஆனால் குமட்டலும் வாந்தியும் சகஜம், பசியோடு தாகமும் குறைந்து தண்ணீர் குடிப்பதே மறந்துபோகும், தலைசுற்றலும் பக்கவிளைவுப் பட்டியலில் இருக்கிறது. ஏற்கனவே தலை சுற்றுகிறவருக்கு ஊசி போட்டால், எது எதனால் என்று பிரிக்கமுடியாமல் நாங்களே விழிப்போம். முதலில் தலைக்கான காரணம் ஓரளவு பிடிபடட்டும், அடுப்படி வழி நாலைந்து மாதம் போகட்டும். பிறகும் எடை அசையாவிட்டால் யோசிக்கலாம்.

உங்கள் வீட்டுக்காரர் "சும்மா படுத்துக்கோ, நான் பாத்துக்கிறேன்" என்று எதையும் செய்யவிடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனிதர், ஆனால் இந்த நோய்க்கு அது நேர் எதிரான வைத்தியம். அவரைக் காலை நடைக்குக் கூட வரச் சொல்லுங்கள், பேச்சுக் கொடுத்துக்கொண்டே வரட்டும். தலைசுற்றலையே கவனித்துக்கொண்டு நடப்பதைவிட, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு என்ன மொய் என்று பேசிக்கொண்டு நடந்தால் தள்ளாட்டம் குறைவதை நீங்களே பார்ப்பீர்கள்.

கடைசி வரியில் தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை நேர்ந்துகொண்டதாகவும், வரும் தையில் போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பழனிவரை இந்த வருடம் வேண்டாம். பொழுது விடியும் முன் இருட்டில் நடை, கூட்டம், அரைத்தூக்கம், நேரம் தவறிய சாப்பாடு என்று உங்களுக்கு ஆகாததெல்லாம் அதில் இருக்கிறது. அதற்குள் அரை மணி நேர நடை கைகூடியிருந்தால் குன்றக்குடி முருகன் மலைக்கோவிலை நோக்கி ஒரு பகுதியை மட்டும் நடங்கள். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அதில் இரண்டு கிலோமீட்டர் நடந்தாலும் நடைதான். வண்டி ஒன்று பின்னாலேயே வரட்டும், கையில் தண்ணீரும் இரண்டு வாழைப்பழமும் இருக்கட்டும். மலைப்படி ஏறும்போது கைப்பிடிப் பக்கமாக ஏறுங்கள். கோபுரத்தை அண்ணாந்து பார்க்கவேண்டுமென்றால் நடந்துகொண்டே பார்க்கவேண்டாம், நின்று பிடித்துக்கொண்டு பாருங்கள். படி முழுவதும் முடியாது என்று தோன்றினால் அடிவாரத்திலேயே கும்பிட்டுவிட்டு வண்டியில் திரும்பிவிடுங்கள்.